சொல்லாதது சுழியம் அல்ல

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, இதுவரை ஒரு கொட்டாவிகூட விடாமல் வீற்றிருக்கும் ஆம்புலன்ஸ் சேவையின் இயக்குநர் அம்மா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் எங்கள் நிறுவனத்தின் மூத்தவர்களே! கணினித் திரையோடு கண் சிவக்கப் போராடிய என் குழுத் தோழர்களே, தோழியரே! சைரன் ஒலியைத் தாண்டிச் சத்தமாகப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன ஓட்டுநர் அண்ணன்களே! அழுதுகொண்டு அழைப்பவருக்கும் அமைதி குலையாமல் பதில் சொல்லும் அழைப்பு மையத்து அக்காமார்களே! பெற்ற பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று இன்றுவரை புரியாவிட்டாலும் பெருமைப்படுவதை நிறுத்தாத தாய்மார்களே, தந்தையரே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

விழாக் குழுவினர் என்னைக் கண்டிப்போடுதான் மேடையேற்றினார்கள். "யாரையும் விட்டுடாதீங்க மேடம், அப்புறம் மனசு கஷ்டப்படும்" என்றார்கள். நிச்சயம் யாரையோ விட்டிருப்பேன். அதற்கான மருந்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், சற்றே பொறுங்கள்.

இன்று நாம் எதைக் கொண்டாடுகிறோம்? ஒரு கட்டடத்தையா? இல்லை. ஒரு கருவியையா? இல்லவே இல்லை. ஓர் இலக்கணத்தைக் கொண்டாடுகிறோம்! மனிதர் இயந்திரத்திடம் எப்படிப் பேச வேண்டும், மனிதர் பேசாதபோது இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இலக்கணம். அதை எங்கள் நிறுவனத்தின் எல்லா அணிகளும் இன்று காலை ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. ஒருமனதாக! மதிய உணவு எத்தனை மணிக்கு என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள் நாங்கள்.

பெற்றோர் பலர் வந்திருப்பதால் அடியிலிருந்து சொல்கிறேன். ஒரு மென்பொருளை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பெட்டியில் அடைப்போம். அதற்குக் கன்டெய்னர் என்று பெயர். வீடு மாறும்போது பாத்திரத்தோடு அடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனால், போன இடத்தில் உடனே உலை வைக்கலாம் அல்லவா? அந்தக் கணக்குதான். இப்படிப் பெட்டிகள் எங்களிடம் ஏராளம். எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓடுவது? ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்றை எழுப்புவது யார்? அதைக் கவனிக்க இன்னொரு மென்பொருள் இருக்கிறது. செல்லமாக அதை 'மேஸ்திரி' என்போம்.

மேஸ்திரியிடம் பேச ஒரே ஒரு ஜன்னல்தான். அதன் பெயர் ஏபிஐ. அந்த ஜன்னலில் நீட்டும் கோரிக்கைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, 'வேண்டியது'. அதை நாம் மட்டுமே எழுதலாம். மற்றொன்று, 'இருப்பது'. அதை மேஸ்திரி மட்டுமே எழுதலாம். வேண்டியதற்கும் இருப்பதற்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், அதை அடைக்கும்வரை மேஸ்திரிக்கு ஊணும் இல்லை, உறக்கமும் இல்லை.

என்ன ஐயா சொன்னீர்கள்? "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றா? உங்கள் வீட்டில் வேண்டியதை எழுதுவது யார் என்று நான் கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது!

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். எங்கள் அணியில் ஒரு அக்கா இருக்கிறார். ஆம்புலன்ஸ்களுக்கு வழி காட்டும் வரைபட மென்பொருள் அவர் பொறுப்பு. அதனால் அவர் அலுவலகம் முழுமைக்கும் 'மேப் அக்கா'. அன்று அவர் வரைபடத்தின் புதிய பதிப்பை ஏற்றினார். கோரிக்கையில் பதிப்பை மட்டும் எழுதினார். 'எத்தனை பெட்டி' என்ற கட்டத்தைத் தொடவே இல்லை. தொட வேண்டிய தேவை என்ன? ஆறு பெட்டிகள் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தன!

மேஸ்திரி பார்த்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தது. காலிக் கட்டத்தைச் சுழியம் என்று படித்தது. வேண்டியது சுழியம், இருப்பது ஆறு. ஐயோ, இடைவெளி! அடைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பெட்டிகளையும் ஓடவிடாமல் நிறுத்தி அடைத்தது. கடமையில் கண்ணும் கருத்துமாக, கர்ம சிரத்தையாக, ஆம்புலன்ஸ்களின் கண்ணைக் கட்டியது!

அழைப்பு மையத்தில் திரைகள் வெறிச்சோடின. தெருவில் வண்டிகள் திசை தெரியாமல் நின்றன. ஆம்புலன்ஸ் ஓட்டுவது என் வீட்டுக்காரரின் தொழில். அவர் வண்டியில் அப்போது பிரசவ வலியோடு ஒரு பெண். கண்ணாடியை இறக்கி, "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்? அக்கா, இந்தத் தெரு அந்தப் பக்கம் போகுமா?" என்று கேட்டுக் கேட்டே ஓட்டினார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்று யார் உயிருக்கும் ஆபத்து வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம்.

பெட்டிகளை மறுபடி ஓட விட்டோம். உடனே கூட்டம் கூடியது. விரல்கள் நீண்டன. எல்லா விரல்களும் ஒரே ஆளை நோக்கி நீண்டன. "எண்ணை எழுதாம விட்டது உங்க கவனக்குறைவுதானே?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் இந்த மேடையில் இருப்பதால் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேப் அக்கா அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான்தான் ஒண்ணுமே சொல்லலையே. சொல்லாத ஒண்ண அது எப்படிங்க கேட்டுச்சு?"

பதில் இல்லாதவர்களிடம்தானே பதவி இருக்கிறது! அவரை வேலையிலிருந்து நீக்க உத்தரவு தயாரானது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் குறுக்கே நின்றேன். "தவறு அவங்க மேல இல்ல, நம்ம ஜன்னல் மேல. ஆம்புலன்ஸ் இயக்குநர் அம்மா முன்னாடி ஒரு சோதனை வைங்க. நாங்க தோத்துட்டா அப்புறம் கையெழுத்துப் போடுங்க, என் பேரையும் சேர்த்தே எழுதுங்க" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாயைக் கொடுத்தாயிற்று, வழி என்ன?

எங்கள் அணியின் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'அவசரம் சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் அவசரமாக ஒரு வழி சொன்னார்: "சுழியத்தையே தடை பண்ணிடலாம். சுழியம்னு வந்தா, ஆறுன்னு எடுத்துக்கச் சொல்லிடுவோம். சுலபமான வேலை!" அணி முழுவதும் கை தட்டியது. மேப் அக்கா மட்டும் கை தட்டவில்லை. "சார், ஆறு பெட்டியும் கிறுக்குப் பிடிச்சு எல்லா வண்டியையும் தப்பான தெருவுக்கு அனுப்பிட்டிருக்குன்னு வெச்சுக்கங்க. ஆறையும் நிறுத்தணும். ஜன்னல்ல என்ன எழுதுவீங்க?" என்றார். கை தட்டல் அப்படியே அடங்கிவிட்டது.

சுழியம் என்ன வெற்றிடமா? சுழியம் என்ன விட்டுப்போன எழுத்தா? சுழியம் ஒரு சொல், ஐயா! 'போதும்' என்பது ஒரு சொல் அல்லவா? 'வேண்டாம்' என்பது ஒரு முடிவு அல்லவா? அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டால், ஆபத்து வரும்போது மனிதன் எந்தச் சொல்லைக் கொண்டு தடுப்பான்?

குழம்பிய தலையோடு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். வாயில் வைத்தால், சர்க்கரை இல்லை!

"என்னங்க, சர்க்கரை எங்க?"

"நீ போடச் சொல்லலையே."

"சொல்லலைன்னா எப்பவும் போலன்னு அர்த்தம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேனா?"

சொன்ன வாய் சொன்னபடியே திறந்திருந்தது. டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. நாள் முழுக்க நான் தேடிய விதியை நானே சண்டை பிடித்துச் சொல்லிவிட்டேன்! சொல்லாதது வேறு, வேண்டாம் என்பது வேறு. காலிக் கட்டம் என்றால் எப்போதும் போல. சுழியம் என்றால் சுழியம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் ஜன்னலை உடைத்துக் கட்டு! மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கும்பிடுகிறார் பாருங்கள், அவர்தான். உட்காருங்கள், உங்கள் டீயை யாரும் குறை சொல்லவில்லை. அந்த டீ இல்லாவிட்டால் இந்த விழா இல்லை!

மறுநாள் மேப் அக்காவை நடுவில் உட்கார வைத்தோம். கோரிக்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் ஒரே கேள்வி கேட்டார்: "இதைச் சொல்லாம விட்டா என்ன அர்த்தம்?" பதில் இல்லாத கட்டத்துக்கு இடமில்லை. 'காத்திருக்கும் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. "நொடியா, நிமிஷமா? பேர்லயே எழுதுங்க" என்றார். 'ஆமா, இல்ல' என்று மட்டும் பதில் கேட்கும் ஒரு கட்டம் வந்தது. "நாளைக்கு மூணாவதா ஒரு பதில் வந்து நின்னா எங்க உட்கார வெப்பீங்க?" என்றார். சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம், மறுபடியும் சண்டை போட்டோம். அவசரம் சார்கூட நிதானமானார். அதைவிடப் பெரிய அற்புதம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததில்லை.

சோதனை நாள் வந்தது. ஓட்டுநர்கள் பயிற்சிக்கு என்று ஓடும் ஆறு பெட்டிகளை வைத்துத்தான் சோதனை. இயக்குநர் அம்மா நாங்கள் செய்து காட்டுவதற்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாமே உட்கார்ந்தார். அன்று மேப் அக்கா அனுப்பிய அதே கோரிக்கை. அதே காலிக் கட்டம். அனுப்பினார். என் பக்கத்தில் நின்ற மேப் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

மேஸ்திரி பதில் எழுதியது: "எண்ணிக்கை சொல்லப்படவில்லை. ஆறு பெட்டிகள் எப்போதும் போல ஓடுகின்றன."

ஓடின! ஆறும் ஓடின! நாங்கள் கத்திய கத்தலை அம்மா ஒரு கையை உயர்த்தி நிறுத்தினார். "சரி, எனக்கு இதை நிறுத்தணுமே?" என்றார். மேப் அக்கா முன்னால் போனார். "சுழியம்னு எழுதுங்கம்மா. பயப்படாம எழுதுங்க" என்றார். அம்மா எழுதினார். ஆறு பெட்டிகளும் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக அடங்கின.

அப்போது அம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போடக் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவங்க ஒண்ணுமே சொல்லல. சொன்னதா எடுத்துக்கிட்டது உங்க ஜன்னல். தண்டனை மட்டும் இவங்களுக்கா?" என்றார். அந்தக் கையெழுத்து இன்றுவரை விழவில்லை!

என் இனியவர்களே! அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் விட்டிருக்கிறார்கள், அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். ஒரு திரை அணைந்ததா? ஒரு வண்டி நின்றதா? ஒரு ஓட்டுநர் வழி தெரியாமல் கண்ணாடியை இறக்கினாரா? இல்லை, இல்லை, இல்லை! மறப்பது மனித இயல்பு. மறந்தவனை மண்ணில் தள்ளாமல் தாங்கிப் பிடிப்பதே நல்ல இலக்கணத்தின் இயல்பு. அந்த இலக்கணத்துக்குக் காவலராக இன்று முதல் பொறுப்பேற்கிறார் எங்கள் மேப் அக்கா. அவர் தலையசைக்காமல் இனி ஒரு கட்டமும் ஜன்னலுக்குள் நுழையாது. அக்கா, எழுந்திருங்கள். எல்லோரும் உங்களைப் பார்க்கட்டும்! அன்று விரல் நீட்டிய கைகளெல்லாம் இன்று தட்டுகின்றன, கேளுங்கள்!

நிறைவாக, நன்றி. தலைவர் அம்மாவுக்கு நன்றி, மூத்தவர்களுக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, சர்க்கரை போடாமல் விட்டவருக்குத் தனி நன்றி. தொடக்கத்தில் ஒரு மருந்து சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இந்த அவையில் யாருக்காவது நான் நன்றி சொல்லாமல் விட்டிருந்தால், அதைச் சுழியம் என்று படித்துவிடாதீர்கள். எப்போதும் போல என்று படியுங்கள்.

வணக்கம்!