மிஷின் எடுக்கிற சரக்கு

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரியிலிருந்து ஓசூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் கணவனும் மனைவியும். அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனி குடோனில் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"ஏணி ஏறற வேலை போச்சு, மிஷின் வந்துருச்சுன்னீங்க. அதுக்குத்தான் காலையில மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். இப்ப ஏணியவிட ஒசரம்ங்கறீங்க?"

"அது பேட்டரி வண்டி. தட்டுல நின்னு சுவிட்ச அமுக்குனா, என்னையும் சேத்து மேல் அடுக்குக்குத் தூக்கும். ஆபீசுல குடுக்கற துண்டுச் சீட்டுல எழுதியிருக்கற பெட்டிய எடுத்து வெச்சுகிட்டு எறங்கணும்."

"பெட்டிய எடுக்கறது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப மிஷினு என்னத்த எடுக்குது?"

"என்னை எடுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"வுழுந்துட்டா?"

"இடுப்புக்கு பெல்ட்டு குடுத்திருக்காங்க."

"கட்டிக்கறீங்களா?"

"பெரிய ஆபீசருங்க வர்றப்ப கட்டிக்குவோம்."

பஸ் பாலக்கோடு தாண்டியது. அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

"நாளையிலருந்து மத்தியானச் சோத்த நானே குடோனுக்குக் கொண்டாறேன்."

"உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?"

"பெரிய ஆபீசரு வந்தாத்தான கட்டுவீங்க."