பயம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை

— நாப்பது பேர்ல முப்பத்தொரு பேர் அஞ்சு போட்டிருக்காங்க, சார். கிளம்பறதுக்கு முன்னாடிதான் எண்ணிப் பார்த்தேன். என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க எல்லாருக்கும் அளந்து வெச்ச மாதிரி ஒரே பயமா?

— அது என் தப்பு, டீச்சரம்மா. நான் செஞ்சு குடுத்த ஃபார்ம்ல, பக்கத்தைத் திறக்கும்போதே, விரலால இழுக்கற ஸ்லைடர் பட்டையோட உருண்டை நட்ட நடுவுல வந்து நிக்குது. "இன்னிக்கு எவ்வளவு பயந்தீங்க"ன்னு கேட்டா, முக்கால்வாசிப் பேர் அதைத் தொடாமலே அனுப்பிடறாங்க. தொடாதவங்க எல்லாரும் அஞ்சு.

— கண்ணாடியப் பாருங்க. அந்த பஸ் போகட்டும். ம், இப்ப எடுங்க. முன்னாடி எழுதற கட்டம் இருந்துச்சே, அதையே விட்டிருக்கலாமோ?

— அதுல வந்ததைத்தான் பார்த்தீங்களே. ஒருத்தர் "பரவால்ல"ன்னு எழுதியிருந்தார். ஒரு அம்மா "கடவுள் விட்ட வழி"ன்னு.

— அந்த அம்மா இப்ப டாக்ஸி ஓட்டறாங்க சார்.

— இருக்கட்டும், நம்பர் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க. நேத்து உக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டேன். போன்ல திறந்து பாருங்க.

— நீங்க ரோட்டப் பாருங்க, நான் பார்த்துச் சொல்றேன். பட்டை மட்டும் இருக்கு. உருண்டையக் காணோமே.

— விரலை வைங்க.

— வந்துடுச்சு. நல்லா பெருசா இருக்கு. பழையது மிளகு மாதிரி, தேடிப் பிடிக்கணும்.

— கட்டைவிரல் அகலத்துக்கு வெச்சிருக்கேன். ஸ்லைடர் போடறது ஒரு வரி வேலைதான். ஆரம்பம் பூஜ்யம், முடிவு பத்து, ஒண்ணொண்ணா நகரணும், அவ்வளவுதான். அதுக்கு நிறம், அளவுன்னு உடுப்பு மாட்டி விடறதுலதான் நாக்கு தள்ளிடும். ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு வேஷத்துல நிக்கும். முதல்ல அந்த வேஷத்தைக் கலைக்கணும். அப்புறம் பட்டைக்குத் தனியா, உருண்டைக்குத் தனியா எழுதணும். அதையும் ரெண்டு வகை பிரவுசருக்கு ரெண்டு தடவை. ஒண்ணாச் சேர்த்து எழுதிட்டா ரெண்டுமே கண்டுக்காது.

— அப்ப சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. தனித்தனியாப் போய்க் கூப்பிடணும். மூணாவது கியர் போடுங்க, எஞ்சின் கேக்குது பாருங்க.

— போட்டுட்டேன். பெரிய ரோட்டுக்கா போறோம்?

— நேராவே போங்க. உருண்டைக்கு மேல ஒரு நம்பர் மிதக்குதே, அது எதுக்கு?

— கட்டைவிரல் நம்பரை மறைச்சிடும்ல, அதான் தூக்கி வெச்சேன். முன்ன உருண்டைய இழுக்கப் போனா பக்கமே மேல ஓடிடும். இப்ப விரல் குறுக்கப் போனா உருண்டைக்கு, மேல கீழ போனா பக்கத்துக்குன்னு பிரிச்சு விட்டாச்சு.

— ரெண்டு ஓரத்துலயும் கூட்டல் கழித்தல் பட்டன் வேற.

— அது என் வீட்டுக்காரி சொல்லி வெச்சது. தோள்ல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவ வலது கையைக் கழுத்தோட கட்டி விட்டிருக்காங்க. இடது கையால இழுத்தா, ஏழுல நிறுத்தப் பார்த்தாலும் ஒன்பதுல போய் நிக்குதாம். எனக்கு எல்லாத்தையும் சோதிச்சுக் குடுக்கறது அவதான்.

— அக்காவுக்கு இப்ப தேவலையா?

— தேவலை. இருபது வருஷமா அவ ஓட்டினா, நான் பக்கத்துல உக்காந்து பாட்டு மாத்துவேன். இன்னும் ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. பொண்ணுக்கு அடுத்த மாசம் நீச்சல் தேர்வு. குளம் ஆத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பயிற்சி முடிஞ்சிடுது. நான் என்னடான்னா ரெண்டு தடவை பாலத்துக்கிட்ட வந்து, வண்டிய நிறுத்தி இறங்கி, சாவிய உங்ககிட்ட குடுத்தவன். ஐம்பத்திரண்டு வயசுல. "பாலம் உங்கள என்னப்பா பண்ணுச்சு"ன்னு பொண்ணு கேக்கறா.

— முதல் நாளே அந்த லாரி பின்னாடி நின்னு ஹார்ன் அடிச்சுதே, அதுல யார் வண்டியா இருந்தாலும் ஆஃப் ஆகியிருக்கும். அப்படியே போங்க. கலர் ஏன் சார் வெறும் நீலம்?

— முதல்ல பச்சைல ஆரம்பிச்சு சிவப்புல முடிச்சேன். "சிவப்பைப் பார்த்தா பரீட்சைல கோட்டை விட்ட மாதிரி இருக்கு, எவன் உண்மையச் சொல்லுவான்"ன்னா வீட்டுக்காரி. சரின்னு ஒரே நீலம், போகப் போக அடர்த்தி. இந்த ஓரத்துல "இல்லவே இல்ல", அந்த ஓரத்துல "வயித்தைக் கலக்குது".

— தொடாம அனுப்பினா?

— போகாது. "ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க"ன்னு கேக்கும், திட்டாது. தொட்டதுக்கு அப்புறமும் ஒருத்தர் அஞ்சு போட்டா, அது அவரோட அஞ்சு. என்ன டீச்சரம்மா, காத்து இப்படி ஜில்லுனு வருது?

— ஆத்துக் காத்து.

— பாலத்து மேலயா இருக்கோம்?

— பாதி வந்தாச்சு. கையை இறுக்காதீங்க, முன்னாடி போற வேனை மட்டும் பாருங்க. கண்ணு தெரியாதவங்க போன்ல இந்த ஸ்லைடர் என்ன சொல்லும்?

— "பயம், பத்துக்கு ஆறு"ன்னு படிச்சுக் காட்டும்... கண்ணு தெரியாதவங்க எதுக்கும்மா உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கப் போறாங்க?

— சிரிச்சீங்கல்ல, தோள் இறங்கிடுச்சு. வேன் மெதுவாப் போகுது, நீங்களும் மெதுவா. சரி. இப்ப இறக்கம். அதோ, அந்த மரத்துக்கிட்ட ஓரம் கட்டுங்க. நியூட்ரல். கைபிரேக்.

— கொஞ்சம் இருங்க. மூச்சு வாங்கிக்கறேன். அந்த நீலக் கூரைதானே நீச்சல் குளம்? இவ்வளவு கிட்டயா இருக்கு? நாளைக்குக் காலைல பொண்ணை எழுப்பி, கிளம்பு, நானே விடறேன்னு சொல்லணும்.

— சொல்லுங்க. நான் பின் சீட்டுல வர்றேன்.

— ஆனா ஒண்ணு, டீச்சரம்மா. வேன் திடீர்னு மெதுவாச்சே, அங்க உங்க காலடில இருக்கற ரெண்டாவது பிரேக்கை நீங்க மிதிச்சதாலதான் தப்பிச்சோம். அது மட்டும் இல்லேன்னா நான் கொண்டு போய் முட்டியிருப்பேன்.

— கீழ பாருங்க சார். பாலத்துக்கு ரொம்ப முன்னாடி, மார்க்கெட் தாண்டினதுமே செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் சீட்டு மேல மடக்கி வெச்சுட்டேன்.