கயிறு தொட்ட கை

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் மரியசெல்வம் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டிக் கரையேறி வந்திருக்கும் மூத்தோர்களே! கருவாட்டுக் களத்தைக் காவலின்றி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம்.

வீசைக்கல் போய்க் கிலோக்கல் வந்த சமயம் அது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோக இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எழுத எனக்குக் கை வராது. பார்த்ததை மறக்கக் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பங்குனியில், இத்தாலியில் பிறந்த பந்தயக் கார் ஒன்று, கொழும்புத் தோட்டத் துரையிடமிருந்து கைமாறி, தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் கரையிறங்கி, சரக்கு ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளிக்கு வந்தது. வாங்கியவர் நிலக்காரர் செல்லச்சாமி அய்யாவின் மகன் பூமிநாதன். சிவப்பு நிறம் பார்த்து, காளைக்கு வைப்பதுபோல் 'செவலை' என்று பேர் வைத்தார்.

வேகமா? வேகம்தான்! போய்ச் சேருமா? சேராது! கொழும்பில் ஓடியது, முந்தியது, நின்றது. மதராஸில் ஓடியது, முந்தியது, நின்றது. மதுரையில் கைதட்டல் ஓயுமுன்னே நின்றது. என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? நேற்று உங்கள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நானும் பார்த்தேன்.

செல்லச்சாமி அய்யாவுக்கு அவமானம் பொறுக்கவில்லை. "வர்ற பந்தயத்துலயும் இது நின்னுச்சுன்னா, மறுநாளே இரும்புக்கடைக்குப் போயிரும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பந்தயம் நம் கடற்கரையில். கடல் வற்றும் நேரம். இறுகிக் கிடந்த ஈரமணலில் மூன்று கார்கள். பக்கத்திலேயே அய்யாவின் கரைவலையை நம் ஊரார் கரையில் நின்று கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வலைக்கு அந்தப் பக்கம் தோணியில் நின்றேன். செவலை வந்தது! சீறி வந்தது! மற்ற இரண்டும் புள்ளியாய்த் தேய, மணலைக் கிழித்து வந்தது! கொடிக்கம்பம் கூப்பிடு தூரத்தில் இருக்க... நின்றது.

பூமிநாதன் பதறவில்லை. மூடியைத் திறந்து, ஒரு கம்பியை முடுக்கிவிட்டு, கிளப்ப உட்கார்ந்தார். ஒரு மூச்சு நேரம் விட்டிருந்தால் வென்றிருப்பார். விட்டோமா? கரையில் ஒன்று நகராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம் கைக்குத் தெரியுமா? வலையாட்களின் தலைவர் வியாகுலம் கத்தினார்: "ஏலே, அய்யா வீட்டுப் பிள்ளை தவிக்குது, கயித்தப் போடுங்கலே!"

வலையை முளையில் கட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் செவலைக்குக் கயிறு போட்டார்கள். பூமிநாதன் இரண்டு கையையும் வீசித் தடுத்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, இன்னும் வேகமாக இழுத்தார்கள்! எல்லையை முதலில் தாண்டியது செவலை. வெளியார் கை பட்டால் செல்லாது என்று நடுவர் கொடியை மடக்கிவிட்டார்.

மறுநாள் இரும்புக்கடை லாரி வந்தது. காரைத் தடவிக்கொண்டு நின்ற பூமிநாதனின் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை. அப்போது, கயிறு பிடித்தவர்களில் ஒருத்தி, மீன்கூடை சுமக்கும் அற்புதம்மாள், லாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, கயிறு தொட்ட கைக்குப் பங்கு உண்டுன்னு நீங்கதான நெதமும் பிரிச்சுத் தாறீக?"

"அது மீனுக்குத்தான்."

"கயிறு ஒண்ணுதான அய்யா."

அய்யா காரைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், நாளை அவர் வலைக்குக் கயிறு தொட யார் வருவார்?

"லாரியத் திருப்பச் சொல்லு. பங்குக்காரவுக எல்லாரும் சம்மதிச்சாத்தான் விக்க முடியும்."

அன்றிலிருந்து செவலை நம் ஊர்ச் சொத்து. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓடியது, முந்தியது, நின்றது. நின்ற இடத்திலிருந்து நாம் இழுத்து வந்தோம்! வென்ற கார்கள் எங்கே? யாருக்குத் தெரியும்? தோற்ற கார் இதோ, இந்த மேடைக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது!

அதை வாங்கிப்போக வெளியூர்ப் பெரியவர் வந்திருக்கிறார். கொடுக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் தோணியில் நின்றவன், கயிறு தொடாதவன், எனக்குப் பங்கில்லை. அய்யாவும் இல்லை, பூமிநாதனும் இல்லை, வியாகுலமும் இல்லை. கயிறு தொட்ட கைகளில் மிஞ்சியிருப்பவை இரண்டே கைகள். அவை அசையாமல் செவலையின் ஒரு திருகாணிகூட அசையாது!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வந்த விருந்தாளிக்கும் வணக்கம். மைக்கைக் கீழே முன்வரிசைக்குக் கொண்டுபோங்கள். அங்கே இருக்கிறார், அற்புதம்மாள்.