பாடியது: அலுமாரி

– "உனக்கு வாய் இருக்கோ, இல்லையோ?" எண்டு வகுப்பெல்லாம் கேக்க அந்த ரீச்சர் என்னைக் கேட்டவ, சித்தப்பா. அதோடை பள்ளிக்கூடத்தை விட்டனான். இப்ப நீங்களும் அதையே கேக்கிறியள்.

– நான் எங்கை கேட்டனான், அமலினி? முதல் அலுமாரிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கை இரு. பூச்சி உருண்டை மணம் வெளியிலை போனால் பாட்டு மெலிஞ்சுபோகும்.

– வாய் இருக்கிறவளுக்குப் பேர் இல்லையோ? றேடியோவிலையும் "பாடியது: அலுமாரி", இசைத்தட்டிலையும் "பாடியது: அலுமாரி".

– கவனி. நீ ஆக்களைக் கண்டால் வெக்கப்படுறாய் எண்டுதானே வீட்டிலை உன்னை இதுக்குள்ளை விட்டுப் பாடச் சொன்னனான். கவனி, அந்தச் சத்தம்! இப்ப இத்தாலியிலை, நாப்போலிப் பக்கம் றெகே பாட்டுப் பாடுற பெடியளெல்லாம் பழைய அலுமாரி தேடித் திரியிறாங்கள். கத்தானியாவிலை ஒருத்தன் ஃபிரிட்ஜுக்குள்ளை பாடி ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். எல்லாம் ஆரைப் பாத்து? இந்தச் சூசைதாசனைப் பாத்து!

– விடியக்காலமை அலுமாரிக்குக் கோப்பி ஊத்துற சூசைதாசனை.

– மரம் முழிக்க வேண்டாமோ? ராணி, உன்ரை பெறாமகளுக்கு நீ சொல்லு.

– நான் என்னத்தைச் சொல்ல? என்ரை கூறைச் சீலை முழுக்கக் கோப்பிக் கறை. அதை விடுங்கோ, எங்கடை கோயில் ஆக்கள் இதை மேடைக்குக் காவிக்கொண்டு வந்த வரத்தைப் பாத்தனீங்களே? திருநாளுக்கு மாதா சொரூபம் காவின பழக்கம், தோளிலை ஏத்தி ஆடி ஆடி வருகினம். மொண்டெல்லோக் கடற்கரையிலை குளிக்க வந்த இத்தாலிக் கிழவியள் எழும்பி நிண்டு சிலுவை போடுதுகள். ஒருத்தி கதவைக் கொஞ்சிப்போட்டு, உள்ளுக்கை எந்தப் புனிதை எண்டு கேட்டவ.

– நீங்கள் என்ன சொன்னனீங்கள், சின்னம்மா?

– அமலினி எண்டு சொன்னன். "சாந்தா அமலினி, புனிதையே, என்ரை முழங்காலைப் பார்" எண்டு அழுதிட்டா.

– கேட்டியளே சித்தப்பா! முழங்கால் நோகிற கிழவிக்கும் என்ரை பேர் தெரியும்.

– பிள்ளை, லண்டனிலை இருந்து இசைத்தட்டுக் கொம்பனி ஆள் வந்திருக்கு. முன் வரிசையிலை, வெள்ளைத் தொப்பி. காலம் முழுக்க ஹோட்டலிலை கோப்பை கழுவிக் கழுவிப் பாட்டுக் கட்டினவன் நான். உள்ளுக்கை ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் இருக்கெண்டு தெரிஞ்சால் ஆர் என்னை மதிப்பான்?

– ஒரேயொருக்கா மைக்கிலை "பாடுறது அமலினி" எண்டு சொல்லுங்கோ. பிறகு எத்தினை வருசமெண்டாலும் இதுக்குள்ளையே இருந்து பாடுறன்.

– பாட்டு முடியச் சொல்லுறன்.

– போன முறையும் முடியத்தான் எண்டனீங்கள்.

– லைற் போட்டிட்டாங்கள், நான் போறன்... சிஞ்ஞோரே, சிஞ்ஞோரி! பலெர்மோவின்ரை அதிசயம்! பாடுறது, அலுமாரி!

– இஞ்சருங்கோ, மேளம் சுத்திச் சுத்தி வருது. பாட்டைக் காணேல்லை.

– கோவம் ராணி, அவளுக்குக் கோவம். அமலினி, கதவடியிலை நிண்டு கெஞ்சுறன், பாடு பிள்ளை! ஐயோ, வெள்ளைத் தொப்பி எழும்பிட்டான்!

– பேரைச் சொல்லுங்கோ.

– சொன்னால் நான் முடிஞ்சன்.

– சொல்லுங்கோ எண்டுறன்!

– சரி! மைக்கைத் தா! சனங்களே, மரம் பாடேல்லை. ஒருநாளும் பாடேல்லை. பாடினவள் அமலினி! அமலினி! கேக்குதே பிள்ளை, கடற்கரை முழுக்க உன்ரை பேரைத்தான் கத்துது. வெளியிலை வா!

– கத்தட்டும். இஞ்சருங்கோ, உள்ளுக்கை ஆளில்லை. நீங்கள் "அலுமாரி" எண்ட உடனை பின்பலகையைக் கழட்டிவிட்டது நான்தான். பேரைச் சொல்லச் சொன்னதும் நான்தான். அவள் செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டு மணலுக்காலை நடந்து, பஸ் ஏறிப் போயிட்டாள்.