கட்டாமை தூங்குது

கன்னையன்: கரண்ட் போனதும் உன்ற காதுக்கு என்ன கேக்குது, மயிலு?

மயிலாள்: ஒண்ணுமில்லீங்கண்ணா. மிசினெல்லாம் நின்னு போச்சா... பனியன் துணி மூச்சு விடற மாதிரி இருக்குது.

கன்னையன்: கனாக் கண்டுட்டே வேஸ்ட் துணி பொறுக்கு! ஆமை கீறற சத்தம் கேக்குதான்னேன். நேத்து மூட்டையில ஒளிச்சு வெய்யின்னு குடுத்தனே, எங்க அது?

மயிலாள்: தூங்குதுங்க.

கன்னையன்: எழுப்பு. யாவாரி வாசப்படியிலயே நிக்கறாரு பாரு.

மயிலாள்: பாத்தேன், பாத்தேன். வாயே தொறக்க மாட்டாரா?

கன்னையன்: ஆமை வாங்க வந்தவருக்குப் பேச்சு எதுக்கு?

மயிலாள்: வாங்கிட்டுப் போயி...?

கன்னையன்: கப்பல்ல அனுப்புவாங்களாம். எவனோ சீமைக்காரன் ஊட்டுல, கண்ணாடிப் பொட்டிக்குள்ள.

மயிலாள்: அதுக்குள்ள இருந்தா மழை வந்தது எப்படிங்க தெரியும்? நம்ம ஆடு மேயற கொறங்காட்டுல, மொத மழைக்கு வேலிக்குள்ளிருந்து மெல்ல வருமே... முதுகெல்லாம் நட்சத்திரத்தோட... வானம் எறங்கிப் புல்லு மேயற மாதிரி...

கன்னையன்: அதெல்லாம் அப்ப. இந்த மழைக்கு நான் பாத்தது இது ஒண்ணுதான்.

மயிலாள்: அந்த ஒண்ணையும் புடிச்சாந்துட்டீங்க.

கன்னையன்: ...வாக்குக் குடுத்துட்டேன் புள்ள. மூட்டையை அவுரு.

மயிலாள்: பொட்டை ஆமைங்கண்ணா. வவுத்துல முட்டை இருந்தா?

கன்னையன்: அவுருன்னா அவுரு! அவரு பாத்துட்டே இருக்கறாரு.

மயிலாள்: அவுத்துட்டேன்... பாத்துக்குங்க.

கன்னையன்: துணி... துணி... அடியிலயும் துணி! ஏனுங்க, நீங்களே வந்து கையை உட்டுப் பாருங்க.

மயிலாள்: சாக்கைக் கிழிச்சுட்டுப் போயிருக்குமோ என்னமோ...

கன்னையன்: கிழியாத சாக்கைக் காட்டிப் பேசற பாரு! ஏனுங்க... இருங்க... ஏனுங்க!

மயிலாள்: ஒரு வார்த்தை பேசாமப் போறாரே...

கன்னையன்: தெரு முக்குத் தாண்டிட்டாரா?

மயிலாள்: தாண்டிட்டாருங்க. அண்ணா, திட்டாதீங்க... காத்தால நாந்தான் ஒயர்கூடையில வெச்சுக் கொண்டுபோயி...

கன்னையன்: குட்டையில உட்ட. தெரியும், பின்னாலயேதான் வந்தேன். அவரு முன்னாடி வேற எப்படிப் பேசறது?

மயிலாள்: அய்யோ... அப்பத் தண்ணிக்குள்ள சொகமா இருக்குதுங்களா?

கன்னையன்: அது காட்டுல திரியற கட்டாமை புள்ள, நீஞ்சத் தெரியாது. முழுகுச்சு. நாந்தான் எறங்கி எடுத்து, தொடைச்சு, கிளுவை வேலிக்கடியில உட்டேன். தலையை நீட்டி ஒருக்காப் பாத்துச்சு... அதுவும் ஒரு வார்த்தை பேசாமத்தான் போச்சு.