ரிஃபாத் பார்த்து வந்த ஊர்

— கோட்டையப் பத்தி நேத்து வந்ததும் வராததுமா சொல்லிட்டலே ரிஃபாத். பீரங்கியையும் சொல்லிட்ட. பொறவு?

— பொறவு என்னக்கா, மீன் மார்க்கெட்டு. ஒவ்வொரு மீனும் ஆள் ஒசரம், கேட்டியா. மசூதுதான் கூட்டிட்டுப் போனான். மச்சான் கூடக் கடையில நின்னானே, அவன். மவுத்துச் செய்தி சொல்லி நமக்குப் போன் போட்டதும் அவந்தான்.

— பொறவு?

— பெரிய படகுல ஏறி அக்கரைக்குப் போயிட்டு வந்தோம். காருஞ் சனமும் ஒண்ணாத்தான் ஏறுது. காலையிலேயே மச்சான அடக்கம் பண்ணின மையவாடிக்குப் போயி துவா செஞ்சாச்சு. மொம்பாசாவுல எனக்கு இருந்தது அந்த ஒரு நாளுதான். ஊரச் சுத்திக் காட்டுதேன்னான்.

— நான் உன்னக் கோட்ட பாக்கவா அனுப்பினேன்? அவுக உயிர் பிரிஞ்ச ரூமப் பாத்துட்டு வா, எந்தப் பக்கம் தல வச்சுக் கெடந்தாவன்னு கேட்டுட்டு வான்னு சொல்லி விட்டேன். வேற எதாவது கேட்டனா?

— கேக்கல.

— நாப்பத்தி மூணு நாளா இந்த ரூமுக்குள்ள கெடக்கேன்லே. வெளிய குத்தாலத்துக்கு வேன் வேனா ஆளு போவுது, பாட்டு கேக்குது. சீசனுக்கு வாரேன், அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மனுசன். எனக்கு வேற என்ன நெனப்பு வரும்?

— இன்னும் எத்தன நாளுக்கா இத்தா?

— புருசன் மவுத்தானவ நாலு மாசம் பத்து நாளு வேத்து ஆம்பள கண்ணுல படாம உள்ளயே இருந்து முடிக்கணும். ஆலிம்சா பொண்டாட்டி மொத நாளே வந்து கேட்டா, வயித்துல எதும் உண்டுமான்னு. உண்டுன்னா பிள்ள பொறந்த அன்னைக்கே இத்தா முடிஞ்சிருமாம். இல்லன்னா முழுசும் இருக்கணுமாம். பதினோரு வருசமா இல்லாதது இப்ப எங்கேருந்து வரும்? அந்த அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நீ பேச்ச மாத்தாத. படகு விட்டு எறங்கி எங்க போனீங்க?

— பழைய ஊருக்குள்ள. ஒரு ஆட்டோ நொழையாது, அம்புட்டுச் சந்து. ஆனா கதவு ஒவ்வொண்ணும் பூவுங் கொடியுமாச் செதுக்கி வச்சிருக்கான். தச்சன் கைக்குக் காப்பு போடலாம்.

— அவுக போட்டோ அனுப்பிருக்காவளே. பச்சைப் பெயிண்டு அடிச்ச கதவு. நின்னா அது முன்னாலதான் நிப்பாவ. யாரு வீடுன்னு கேட்டா, கதவு நல்லாருக்குல்லான்னு சொல்லுவாவ. அதப் பாத்தியா?

— பாத்தேன்.

— யாரு வீடு அது?

— மச்சான் குடியிருந்த வீடுக்கா.

— கடைக்கு மேல ரூமுன்னுல்லா சொன்னாவ. நாலு பேரா சமைச்சுச் சாப்பிடுதோம்னு.

— கடைக்கு மேல சாக்குதான் அடுக்கிக் கெடக்கு.

— சரி, எந்த வீடா இருந்தா என்ன. அங்கனதானே மவுத்தானாவ? உள்ள போயிப் பாத்தியா?

— வாசல் வரைக்கும் போனேன். ஒரு பெரியவரு வந்தாரு. மசூது அவரு பாசையில சொன்னான், நான் அல்தாப்பு மச்சானோட மச்சினன்னு. கட்டிப் பிடிச்சு அழுதுட்டாரு. வாசல்லயே நாற்காலி போட்டு, டீ குடுத்தாரு. உள்ள விடல.

— ஏன்?

— ஆம்பள உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு.

— அப்படி யாரு இருக்கா உள்ள?

— விடுக்கா. அந்த ரூமு நல்ல காத்தோட்டமா இருக்கும்னு மசூது சொன்னான்.

— யாரு இருக்கான்னு கேட்டேன்.

— அவரு மவ. இத்தா இருக்கா.

— அந்தச் சன்னலச் சாத்து. சாரல் பாயில அடிக்குது.

— சாத்திட்டேன்.

— அப்போ எனக்கும் அவளுக்கும் ஒரே நாள்லதான் முடியும், என்னலே?

— இல்லக்கா. அவளுக்கு அடுத்த மாசமே முடிஞ்சிரும்னு பெரியவரு சொன்னாரு.