பந்தி விசாரணை

— உக்காருங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். நீங்க நின்னுக்கிட்டே பேசினா நான் அண்ணாந்து பாக்கணும். முட்டி போனது போதாதுன்னு கழுத்தும் போகணுமா எனக்கு?

— நின்னே சொல்லிடறேம்மா. உக்காந்தா, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போயிடுவேன். அது வந்து... என்னை அடையாளம் தெரியுதா உங்களுக்கு?

— தெரியாம என்ன? டார்ச்சு ஐயா.

— என்னது?

— இந்த மாடியில உங்களுக்கு அதுதான் பேரு. அப்போ என் வீட்டுக்காரர் தவறிப்போய் ரெண்டு மாசம்கூட ஆகல. சபையிலேர்ந்து உதவி கேட்டிருந்தேன். நீங்க டீக்கன், உதவி யாருக்குன்னு முடிவு பண்றவர். கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து, என் அரிசி டப்பாக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. பட்டப்பகல்ல.

— நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. டார்ச் எப்பவும் பையில கிடக்கும். அது வந்து... கை தானா எடுத்துடுச்சு.

— ஏன், என் டப்பாக்குள்ள லிஃப்ட் ஏதாவது மாட்டிக்கிச்சா?

— சிரிக்காதீங்கம்மா. திட்டிடுங்க, அதுகூடத் தேவலை.

— பதினோரு வருஷம் ஆச்சு. திட்டறதுக்கு வெச்சிருந்ததெல்லாம் ஊசிப்போச்சு. சரி, எதுக்கு வந்தீங்க? மறுபடியும் டப்பா பாக்கவா?

— ஞாயித்துக்கிழமை சபையில நாலு பேரைப் புதுசா உதவிக்காரரா, அதான் டீக்கனா, ஏற்படுத்தறாங்க. இருக்கறதுல நான்தான் மூத்தவன். டீக்கன்னா யாரு, வேதம் என்ன சொல்லுதுன்னு அவங்களுக்கு நீங்க பாடம் எடுங்கன்னு போதகர் சொல்லிட்டாரு. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம்.

— தெரியும். சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில ஒப்பிச்சிருக்கேன். பென்சில் பரிசா குடுத்தாங்க.

— அப்போ உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்து முதல் சபை பெருகுது. கிரேக்கு பேசற விதவைங்களுக்கு அன்னாடச் சாப்பாடு சரியாப் போய்ச் சேரல. முறுமுறுப்பு வந்துச்சு. அப்போஸ்தலருங்க ஏழு பேரைத் தெரிஞ்செடுக்கச் சொல்லி, பந்தி விசாரணைக்கு வெச்சாங்க. இந்த விசாரணைங்கற வார்த்தை இருக்கு பாருங்க, உதவிக்காரர் ஆன நாள்லேர்ந்து எனக்குப் பிடிச்ச வார்த்தை அதுதான். போய் விசாரிக்கணும். நிஜமாவே இல்லாதவங்களா, ஏமாத்தறவங்களான்னு தோண்டணும். நம்ம வேலை அதுன்னே இருந்துட்டேன்.

— இப்ப என்ன ஆச்சு?

— போன வாரம் பாடம் எழுத உக்காந்தேன். பேனா நகரல. அங்க விசாரிக்கறதுன்னா கேள்வி கேக்கறது இல்லம்மா. சாப்பிட்டாங்களா, உடம்பு எப்படி இருக்குன்னு பாத்துக்கறது. பந்தியில நின்னு பரிமாறறது. நான் அதை போலீஸ் விசாரணை ஆக்கிட்டேன்.

— ஒரு வார்த்தைக்கு அர்த்தம் புரிய பதினோரு வருஷம் ஆச்சா உங்களுக்கு?

— இருபத்து மூணு. நான் டீக்கன் ஆகி அத்தனை வருஷம்.

— அட ஆண்டவரே.

— அந்த ஏழு பேர்ல ஒருத்தர்கூட எந்த விதவையோட டப்பாவையும் திறந்து பாத்ததா எழுதல. பேரைப் பாத்தா ஏழும் கிரேக்குப் பேரு. யாரு பக்கத்துலேர்ந்து குறை வந்துச்சோ, அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே கரண்டியைக் குடுத்துட்டாங்கம்மா.

— நம்ம சபையில எங்க பக்கத்து ஆளு யாரு கையில குடுத்தீங்க?

— யாருக்கும் குடுக்கல. ஒரு பேங்க் மேனேஜர், ஒரு கான்ட்ராக்டர், நான்.

— ம். சொல்லுங்க, நிறுத்தாதீங்க.

— அன்னைக்கு உதவி நோட்டுலேர்ந்து உங்க பேரை அடிச்சது நான்தான். மத்த ரெண்டு பேரும் இன்னொரு மாசம் பாக்கலாம்னாங்க. நான்தான் கேக்கல. சிவப்பு மையில கோடு போட்டேன். பக்கத்துல காரணமும் எழுதினேன்.

— என்னன்னு எழுதினீங்க?

— வேணாம்மா.

— சொல்லுங்க. அதுக்குத்தானே மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, அதுவும் லிஃப்ட் இல்லாத வீட்டுல.

— 'ஆண் நடமாட்டம் உண்டு.' அப்படி எழுதினேன்.

— ஓ.

— வாசல்ல ஒரு ஜோடி ஷூ இருந்துச்சு. பளபளன்னு பாலிஷ் போட்டு. யாருதுன்னு கேட்டேன். நீங்க வாயே திறக்கல. அப்போ நான்...

— என் வீட்டுக்காரரோடது.

— அவர்தான் போயிட்டாரேம்மா அப்போ.

— அவர் போனதும் ராத்திரியில கதவைத் தட்ட ஆரம்பிச்சாங்க. யாருன்னு தெரியாது. உள்ள நானும் ரெண்டு பொண்ணுங்களும். அதனால ஷூவை எடுத்து வெளியில வெச்சேன். ஆம்பளை இருக்கான்னு நினைச்சுக்கட்டும்னு. தினம் காலையில பாலிஷ் போடுவேன். தூசி படிஞ்சா, போட்டுக்க ஆள் இல்லைன்னு தெரிஞ்சுடும் பாருங்க.

— கடவுளே. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?

— எப்படிச் சொல்றது? அக்கம்பக்கத்துல ஆறு தலை எட்டிப் பாத்துக்கிட்டு நிக்குது. 'இது வெறும் ஷூதான், உள்ள யாரும் இல்ல'ன்னு அத்தனை பேர் காதுலயும் போட்டுட்டு, அன்னைக்கு ராத்திரி நான் எப்படித் தூங்கறது? கயவன் நம்பணும்னு வெச்சேன் ஐயா. டீக்கன் நம்பிட்டாரு.

— நம்பி, நோட்டுல எழுதியும் வெச்சுட்டேனேம்மா.

— இப்பவாவது உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க.

— என்னை மன்னிச்சுடுங்கம்மா.

— நான் மன்னிக்கறது பெரிய விஷயம் இல்ல. நின்னு நின்னு துவைச்சு எனக்கு முட்டி மட்டும்தான் போச்சு. பெரியவ அப்போ பத்தாவது. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கற பொண்ணு. நீங்க கோடு போட்டுட்டுப் போன அடுத்த வாரமே நான் வேலை பாத்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அவளையும் கொண்டுபோய்ச் சேத்தேன். போர்வையில ரத்தக் கறை இருக்கான்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துப் போடற வேலை. அதோட படிப்பு போச்சு. இப்ப வேற ஊர்ல இருக்கா. சர்ச் மணி கேட்டா ஜன்னலைச் சாத்துவா. கேக்கறதுன்னா அவகிட்ட கேளுங்க.

— போன் நம்பர் குடுங்க. இப்பவே பேசறேன்.

— உங்க குரலைக் கேட்டா வெச்சுடுவா. நேர்ல போகணும். போனாலும் கதவைத் திறப்பாளான்னு என்னால சொல்ல முடியாது.

— போறேன். திறக்கலைன்னா வாசல்ல நிக்கறேன்.

— நில்லுங்க. அதுவும் ஒரு பாடம்தான்.

— ஞாயித்துக்கிழமை நான் பாடம் எடுக்கப் போறதில்லம்மா. பொறுப்பையே விட்டுடறேன்னு போதகர்கிட்ட சொல்லிடப் போறேன்.

— விட்டுட்டு? அடுத்து வர்றவன் இன்னும் பெரிய டார்ச்சா வாங்கிக்கிட்டு வருவான். இந்த ஷூ கதையை அவங்ககிட்ட யாரு சொல்றது? நானா போக முடியும், இந்தக் காலை வெச்சுக்கிட்டு?

— அது வந்து... என் வாயால எப்படிம்மா?

— உங்க வாயாலதான் சொல்லணும்.

— சரிம்மா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். கேள்வி கேக்க எனக்கு யோக்கியதை இல்ல, இருந்தாலும்... நாங்க கையை விட்டப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க? சலவைக்கூடத்துச் சம்பளம் வாடகைக்கே பத்தாதே.

— ஒருத்தி வந்தா. நீங்க வந்துட்டுப் போன மூணாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். கதவைத் திறந்ததும் 'சாப்பிட்டீங்களா அக்கா?'ன்னா. அவ்வளவுதான் கேட்டா. ஷூவைப் பாத்தா, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சோத்தைப் போட்டுட்டு, சின்னவளுக்குத் தலை வாரி விட்டுட்டுப் போனா. அடுத்த வியாழனும் வந்தா. காய்ச்சல்னு ஒரு ரெண்டு வாரம் வராம இருந்திருப்பா, இத்தனை வருஷத்துல.

— நம்ம சபை ஆளா?

— சபைதான். ஆனா உங்க மேடையில பேர் சொல்லிக் கூப்பிடற ஆள் இல்ல.

— யாரும்மா அவங்க? அவங்களைத்தான் அந்த நாலு பேர் முன்னாடி நிறுத்தணும். சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இன்னைக்கு வியாழக்கிழமை. நீங்களும் கிழமை பாத்து வரல, நானும் உங்களைக் கூப்பிடல.

— அக்கா! கதவைத் திறங்க, கை சுடுது!

— இது... இந்தக் குரலை நான் முப்பது வருஷமா என் வீட்டுல கேக்கறேனே!

— போய்த் திறங்க ஐயா. உங்க வீட்டுக்காரி சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி வந்திருக்கா.

— என்னங்க, நீங்களா? வேலைக்குப் போகல?

— நீ தையல் கிளாஸுக்குப் போகல? வியாழக்கிழமை ஆனா தையல் கிளாஸ், தையல் கிளாஸுன்னு... ஒரு ஜாக்கெட்கூட தைச்சு நான் பாத்ததில்ல, கேக்கவும் இல்ல. ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லியிருந்தா விசாரிச்சிருப்பீங்க.

— இந்த வீட்டைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?

— உங்க நோட்டுதான். நீங்க சிவப்பு மையில அடிச்ச பேரையெல்லாம் எழுதி எடுத்து வெச்சுக்கிட்டேன். கீழ வண்டியில இன்னும் ஆறு வீட்டுக்குச் சாப்பாடு இருக்கு, வந்து தூக்குங்க.